காட்டுவழி ஓட்டம்: வேங்கடத்து மலையும் பாலாற்று முகமும்



அண்மையில் என் மேசைக்கு வந்த கோப்பு ஒன்றில் ‘டிரெயில் ரன்னிங்’ என்னும் தொடர் காணப்பட்டது. அதைத் தமிழாக்க வேண்டியது என் பொறுப்பு. பின்னால் நிற்பது ஓட்டந்தான், அதில் ஐயமில்லை. முன்னால் நிற்கும் சொல்லே தொல்லை கொடுத்தது. ‘தடம்’ என்றால் போதுமா, ‘ஒற்றையடிப் பாதை’ என்று விரித்துரைப்பதா என்று பழைய நூல்களைப் புரட்டினேன். கரடுமுரடான வழிக்கு ‘அதர்’ என்றொரு சொல் உண்டு. அவ்வழி இரண்டாகவும் மூன்றாகவும் கிளைக்கும் இடத்துக்குக் ‘கவலை’ என்று பெயர். எது தன் ஊருக்குப் போகும் வழி என்று தெரியாமல் அங்கே திகைத்து நின்றவனின் மனநிலையே பிற்காலத்தில் அச்சொல்லுக்குப் பொருளாயிற்று போலும். முடிவில் ‘காட்டுவழி ஓட்டம்’ என்று எழுதி அனுப்பினேன். ‘கடற்கரையில் ஓடினாலும் இதே பெயர்தானா?’ என்ற குறிப்புடன் கோப்பு திரும்பி வந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தார்ச்சாலையை விட்டு விலகி, மண்ணிலும் கல்லிலும் மணலிலும் இயற்கையாக அமைந்த வழிகளில் நெடுந்தொலைவு ஓடுவதே இவ்விளையாட்டு. பாதையில் தளம் போட்ட சாலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான வரையறை. இதற்கென அனைத்துலகச் சங்கம் ஒன்று 2013-இல் அமைந்தது. ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓடும் போட்டி 2003 முதல் நடைபெறுகிறது. நம் பக்கத்தில் ஆரோவில்லில் 2008 முதல் செம்மண் தடங்களில் மாரத்தான் ஓட்டம் நடைபெற்று வந்திருக்கிறது. அங்கே வெற்றியாளர் என்று எவரையும் அறிவிப்பதில்லை, பரிசும் இல்லை. இத்தகைய ஓட்டத்துக்கு அதுவே ஏற்ற முறை என்பது என் கருத்து. ஏன் அவ்வாறு கருதுகிறேன் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலைக்குச் செல்வோம். குப்பத்துக்கு அருகில் ராமகுப்பம் இருக்கிறது. மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கிவரும் பகுதி இது; தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும். கர்நாடகத்தில் பிறந்த பாலாறு இப்பகுதியைக் கடந்துதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சுற்றிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளும் முட்புதர்க் காடுகளும் மூங்கிற் கொல்லைகளும் உள்ளன. 1990-இல் ஏறக்குறைய 358 சதுர கிலோமீட்டர் காடு, கௌண்டின்ய வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

அறிவித்ததற்குக் காரணம் யானைகள். பல தலைமுறைகளாக யானையே இல்லாதிருந்த சித்தூர்க் காடுகளுக்கு, 1980-களில் ஓசூர், தருமபுரிப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து சேர்ந்தன. வந்தவை தங்கிவிட்டன, சில அதற்கும் வடக்கே சேஷாசல மலைவரை சென்றன. சங்கப் பாடல்களில் வேங்கடம் யானைகள் மலிந்த மலையாகவே வருகிறது. புல்லி என்னும் தலைவனின் நாடாகப் பேசப்படுகிறது. அந்தப் பழைய குடிகள் தம் வீட்டுக்குத் திரும்பிவந்தன என்று சொன்னால், இரவெல்லாம் கேழ்வரகு வயலில் காவல் இருக்கும் ராமகுப்பத்து உழவர் உடன்பட மாட்டார். அவர் பக்கத்து நியாயமும் பெரிது. ராமகுப்பம் வட்டாரத்திலேயே நன்னியால என்னும் இடத்தில் வனத்துறை ஒரு யானை முகாம் அமைத்தது. காட்டு யானைகளை வயல்களிலிருந்து திருப்பி விரட்ட ஜெயந்த், விநாயக் என்னும் இரு கும்கிகள் அங்கே பணிபுரிந்தன. 2025-இல் கர்நாடக அரசும் ஆந்திரத்துக்குக் கும்கிகளை வழங்கியது.

இதற்கும் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு? காட்டில் ஓட விரும்புவோர் பெரும்பாலும் வைகறையில் புறப்படுவர். வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. இரவில் வயலுக்கு வந்த யானைகளும் அதே வைகறையில்தான் காட்டுக்குத் திரும்புகின்றன. அவையும் தடத்தின் வழியேதான் நடக்கின்றன. மலைச்சரிவில் நாம் கண்டு வியக்கும் செம்மையான பாதைகளுள் பல, யானைகள் நடந்து நடந்து அமைந்தவையே. ஆகவே ஒரே நேரத்தில் ஒரே வழியில் இரு சாராரும் எதிர்ப்படுகின்றனர். ஓடித் தப்பிவிடலாம் என்று எண்ணுவோர் ஓர் அளவை அறிந்திருத்தல் நலம். 2023-இல் சிகாகோ நகரின் மாரத்தான் ஓட்டத்தை கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் முடித்தார். மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம். அது செப்பமான நகரச் சாலையில் ஓடியது. யானையின் ஓட்டத்தை ஆய்வாளர் அளந்து பார்த்ததில் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. புதர்களும் பள்ளங்களும் அதற்கு ஒரு பொருட்டல்ல. நமக்கோ அவை பெருந்தடை.

எனவே காட்டுவழி ஓட்டத்தில் முதற்பாடம் கால்களுக்கு உரியதன்று, காதுகளுக்கு உரியது. மூங்கில் முறியும் ஓசை, திடீரென்று அடங்கும் பறவைகளின் ஒலி, ஈரம் உலராத சாணம் — இவற்றில் ஒன்றேனும் தென்பட்டால் நின்றுவிட வேண்டும். வந்த வழியே திரும்ப வேண்டும். காதில் பாட்டுக் கருவியைப் பொருத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுவதைப்போல் அறியாமை வேறில்லை.

பழைய ஓட்டக்காரர் இதை அறிந்திருந்தனர். பதினான்காம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக்கின் நாட்டுக்கு வந்த இபன் பதூதா, காலோட்டத் தூதரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு கையில் கடிதம். மறுகையில் தலைப்பில் மணிகள் கட்டிய கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையில் இருப்பவன் ஆயத்தமாவான். திருவிதாங்கூரில் அஞ்சலோட்டக்காரரும் மணி கட்டிய கோலுடனேயே ஓடினர். அடுத்த நிலைக்கு அறிவிப்பது மட்டுமல்லாமல், வழியில் கிடக்கும் பாம்பையும் விலங்கையும் விலகச் செய்வதற்கும் அம்மணி உதவியது. ‘அஞ்சல்’ என்று நாம் இன்று தபாலுக்கு வழங்கும் பெயரும், பள்ளிச் சிறுவர் கைக்கோல் மாற்றி ஓடும் ‘அஞ்சலோட்டம்’ என்பதும் அந்தக் கால்களை நினைவூட்டும் சொற்கள்.

இனி ராமகுப்பத்திலிருந்து வடகிழக்கே திருப்பதிக்குச் செல்வோம். தமிழகத்தின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது. அதற்கு அப்பால் மொழி பெயர்ந்துவிடும் என்றும், பொருள் தேடச் சென்றவர் அம்மலையைக் கடந்தே சென்றனர் என்றும் அகப்பாடல்கள் பேசுகின்றன. பிற மாநிலங்களில் வாழும் நம் அனைவருடைய கதையும் அங்கேதான் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அம்மலைமீது தனிப்பட்ட உரிமையும் உண்டு!

திருமலைக்கு ஏறும் நடைவழிகள் இரண்டு. அலிபிரியிலிருந்து செல்வது ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சுமார் 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கம் சீனிவாச மங்காபுரத்துக்கு அருகிலிருந்து ஏறுவது ஸ்ரீவாரி மெட்டு. 2 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல், 2,388 படிகள். சந்திரகிரிக் கோட்டை விசயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்று; அதன் ராஜமகால் இன்றும் நிற்கிறது. திருமலையில் நைவேத்தியம் முடிந்ததும் அங்கிருந்து மண்டபம் மண்டபமாக மணியொலி கடத்தப்பட்டுச் சந்திரகிரியை எட்டும் என்றும், அதன்பின்னரே அரசர் உணவு கொள்வார் என்றும் மரபாகச் சொல்வர். 1639-இல் இந்தச் சந்திரகிரி அரசுக்கு உட்பட்ட தமர்ல வேங்கடப்ப நாயக்கர் வழங்கிய கடற்கரை நிலத்தில்தான் ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டை எழுந்தது. சென்னைப் பட்டினம் வளர்ந்தது.

அலிபிரி வழியை வைத்தே மலையோட்டத்தின் கணக்கை விளக்கிவிடலாம். 1892-இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் ஒரு விதி கூறினார். சமநிலத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும். அலிபிரியில் தொலைவு 9 கிலோமீட்டர். அதற்கு 1 மணி 48 நிமிடம். ஏற்றம் ஏறக்குறைய 700 மீட்டர்; அதற்கு 70 நிமிடம். ஆக மூன்று மணி நேரம். அடியார் கூட்டம் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் ஏறுகிறது. ஸ்காத்லாந்தின் கணக்கு வேங்கடத்திலும் பொய்க்கவில்லை.

செங்குத்தான ஏற்றத்தில் தேர்ந்த ஓட்டக்காரரும் நடப்பர். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. மிகு சரிவில் அதே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதற்கே உடல் குறைந்த ஆற்றலைச் செலவிடுகிறது. உண்மையான சோதனை இறங்கும்போதுதான். ஏறுகையில் தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்குகையில் அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்துகிறது. அப்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்வோம். வியப்பு என்னவென்றால், ஒருமுறை இந்த வேதனையைப் பட்ட தசை சில வாரங்களுக்கு அதே வேலையை எளிதில் தாங்கும். ஆதலால் புதியவர் சிறு குன்றில் இறங்கிப் பழகிய பின்னரே பெருமலைக்குப் போதல் வேண்டும். இறக்கத்தில் எட்டு வைப்பது குறுகியதாக இருத்தல் நலம். பார்வை காலடியில் பதியாமல் இரண்டு மூன்று அடி முன்னே செல்ல வேண்டும். சாலையில் ஆயிரம் அடியும் ஒரே அடியே. காட்டில் ஒவ்வோர் அடியும் புதிது.

இந்த மலைவழிக்கும் பழைய உரிமையாளர் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் பெற்றோருடன் ஏறிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் 15 வயதுக்கு உட்பட்டோர் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு நடைவழியில் ஏறலாகாது என்று தேவஸ்தானம் விதித்தது; ஏறுவோருக்குக் கைத்தடிகளும் வழங்கியது. தடியால் என்ன பயன் என்று அப்போது நகைத்தவர் பலர். சிறுத்தை பெரும்பாலும் தனித்தும் தாழ்ந்தும் தோன்றும் உருவத்தையே இரையாகக் கொள்கிறது. குழந்தைகளைக் கூட்டத்தின் நடுவில் கைப்பிடியில் அழைத்துச் செல்வதும், கையில் ஒரு கோல் இருப்பதும் முற்றிலும் வீணான யோசனைகள் அல்ல. முன்னே ஓடிப்போகும் பிள்ளையைக் கண்டு பெருமைப்படும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இம்மலையைப் பற்றிப் பேசும் தமிழன் மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் இந்தச் சேஷாசலத்தையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் சார்ந்துதான். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகில் உள்ள காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை மாவட்டத்து மலையூர்களிலிருந்து வந்தவர் அவர்களுள் பலர். மரத்தைத் தோளில் சுமந்து இருளில் இந்தச் சரிவுகளைக் கடக்கக்கூடிய கால்கள் என்பதற்காகவே தரகர்கள் அம்மலைவாழ் மக்களைத் தேடிச் சென்றனர். வண்ணக் காலணி அணிந்து, மார்பில் எண் குத்திக்கொண்டு ஓடுபவரின் கால்களைவிட அக்கால்கள் திறமையில் குறைந்தவை அல்ல. கட்டணம் செலுத்தி ஓடுவதற்கும் கூலிக்கு ஓடுவதற்கும் இடையில் உள்ள தூரம், எந்தப் போட்டியின் தூரத்தையும்விடப் பெரிது. வெற்றியாளரை அறிவிக்காத முறை ஏற்றது என்று முன்பு சொன்னேன் அல்லவா? இந்த மலைகளில் முதல் ஓட்டக்காரன் யார் என்று துணிந்து சொல்ல எவருக்கும் நா எழாது.

அனுமதியின்றி இக்காடுகளில் நுழைவது குற்றம் என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன். விளையாட்டுக்காக வந்தேன் என்ற விடை வனக் காவலரிடம் செல்லாது. தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர் உயிரிழந்தனர். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழிகளை முறையாகத் திறந்துவைத்து, வழிகாட்டிகளையும் பயிற்றுவித்தது. தீயைப் பற்றி ஓர் உண்மையை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தீ மேட்டை நோக்கி விரையும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். புகையைக் கண்டு உச்சிக்கு ஓடுபவனை அது முந்திவிடும். பக்கவாட்டில் விலகிப் புல்லில்லாத பாறைத் தளத்தையோ நீரோடையையோ அடைவதே வழி. குளிரும் கொல்லும்: 2021 மே 22 அன்று சீனத்தின் கான்சு மாநிலத்தில் நடந்த மலையோட்டத்தில் திடீரென்று மாறிய வானிலையால் 21 பேர் உறைந்து மாண்டனர், மெல்லிய உடையுடன் புறப்பட்டவர்கள் அவர்கள்.

கோப்பில் எழுந்த கேள்விக்கு இப்போது வருவோம். ராமகுப்பத்துப் பக்கம் நாம் கண்ட பாலாற்றைத் தொடர்ந்து சென்றால், அது வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், செங்கல்பட்டு ஊர்களைத் தொட்டுக்கொண்டு வயலூருக்கு அருகில் வங்கக் கடலில் கலக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நீர் இராது, மணலே ஓடும். ஆற்று முகத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் செங்கற் கோட்டை. அதற்கும் வடக்கே மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. இடையே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் கரையோரமாகவே நெடுகிலும் செல்ல இயலாது. ஓட விரும்புவோர் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

காட்டில் கல் காலைப் புரட்டும். கரையில் மணல் காலை விழுங்கும். உலர்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகிறது என்று அளந்திருக்கின்றனர். காரணம் எளிது: நாம் தரையை உந்தும்போது மணல் நகர்ந்து, உந்திய விசையில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்கிறது. அலை வந்து வடிந்த ஈரமணல் கெட்டியானது. மீனவர் அவ்விளிம்பிலேயே நடப்பதைக் காணலாம். ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றும். ஆகவே போன தொலைவு அளவே திரும்பி ஓடி, இரு பக்கத்து மூட்டுகளுக்கும் பாரத்தைப் பங்கிட்டுவிட வேண்டும். வியர்வையில் போவது நீர் மட்டுமன்று, உப்பும் உண்டு. வெறும் நீரையே குடம் குடமாகக் குடிப்பதும் தீங்கு. நம் நீராகாரமும் உப்பிட்ட மோரும் இதற்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல.

இக்கரைக்கும் பழைய உரிமையாளர் உண்டு. தை முதல் பங்குனி வரை இரவு வேளைகளில் கடலாமைகள் கரையேறி மணலில் முட்டையிடும். ‘பங்குனி ஆமை’ என்றே அவற்றுக்குப் பெயர். குஞ்சுகள் பொரிந்ததும் கடல்மேல் தெரியும் மங்கலான ஒளியை நோக்கி நகரும். ஊருக்குள் விளக்கு ஒளிர்ந்தால் வழிதவறி நிலத்தை நோக்கிச் சென்று மடியும். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு இரவில் ஓடும் ஒருவர் அங்கே என்ன செய்துவிடக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மாதங்களில் கரையோட்டத்தைச் சூரியன் எழுந்த பின் வைத்துக்கொண்டால் போதும்.

தொலைவில் வாழும் நேயர்கள் வேங்கடத்துக்கோ மல்லைக்கோ உடனே புறப்பட இயலாது. பம்பாயில் இருப்போர்க்குப் போரிவலி தேசியப் பூங்காவும் அதனுள் கன்னேரிக் குகைகளும் உள்ளன. அங்கும் சிறுத்தைகள் உண்டு. தில்லியில் இருப்போர் துக்ளகாபாத் கோட்டைக்குத் தெற்கே அசோலாக் காட்டுக்குச் செல்லலாம். விசாகப்பட்டினத்தார் பேறு பெற்றவர். கம்பாலகொண்டக் காடும், கடலைப் பார்த்து நிற்கும் தொட்லகொண்ட பௌத்த மடத்தின் எச்சங்களும் நகரை ஒட்டியே இருக்கின்றன. பெங்களூரில் இருப்போர்க்குக் குப்பம் புகைவண்டியில் எளிதில் சென்று சேரும் தொலைவுதான். எங்கே சென்றாலும் வனத்துறையின் வாயிலில் பெயரை எழுதிவிட்டு, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

கோப்பில் ‘காட்டுவழி’ என்பதை அடித்துவிட்டுத் ‘தடவழி ஓட்டம்’ என்று திருத்தினேன். பங்குனி ஆமை மணலில் இழுத்துச் செல்லும் கோட்டுக்கும் தடம் என்பதே பெயர் என்று ஓரக்குறிப்பும் எழுதி வைத்தேன். கோப்பு மறுபடி வரவில்லை.